ஓமில் விற்பதும் வாட்டில் விற்பதும்: குன்னூரிலிருந்து ரெசிஸ்டர் இறக்குமதி செய்த அனுபவம்

குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மோட்டார் பேனல்கள் செய்து கொடுக்கும், பழுது பார்த்துக் கொடுக்கும் ஒரு சிறிய பட்டறையில் கொள்முதலும் இறக்குமதிப் பத்திரங்களும் என் பொறுப்பில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து நாங்கள் வரவழைக்கும் பொருள்களில் பெரும்பங்கு ரெசிஸ்டர்களும் (மின்தடைகளும்) அவற்றைச் சேர்ந்த பொருள்களுமே ஆகும்: கம்பி சுற்றிய பீங்கான் குழாய்கள், அலுமினிய உறை இட்டவை, மோட்டாரின் சுற்றுக்குள் புதைக்கும், வெப்பநிலைக்கேற்பத் தடை மாறும் தெர்மிஸ்டர்கள், மின்னல் வீச்சைத் தாங்கும் வேரிஸ்டர் வில்லைகள், பேனலுக்குள் ஈரம் படியாமல் காக்கும் சிறு ஹீட்டர்கள். இவற்றின் விலை பெரிதன்று. ஆயினும் ஒரே ஒரு பொருளின் தீர்வை எண்ணில் ஐயம் எழுந்தால், அதே பில் ஆஃப் என்ட்ரியில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிவிப்பில், உள்ள மற்ற பொருள்களும் சேர்ந்து சென்னையிலோ தூத்துக்குடியிலோ நின்றுவிடுகின்றன. கொழுந்து குவியும் மாதங்களில் இலையை நசுக்கி நறுக்கும் சி.டி.சி. இயந்திரத்தின் மோட்டாரோ உலர்த்தியின் விசிறியோ நின்றுபோனால், பறித்த இலை நமக்காகக் காத்திருக்காது. ஆகவே வகைப்பாடு என்பது எங்களுக்குக் காகித வேலை மட்டுமன்று. சிறு விவசாயி அன்று கொண்டுவந்து கொட்டிய பச்சைத் தேயிலைக்கு விலை கிடைப்பதும் அதைப் பொறுத்திருக்கிறது.

இந்த வேலையில் நான் கற்றவற்றை எழுதி வைப்பது, இதே மலையிலோ கீழே கோவையிலோ சிறிய அளவில் மின்பொருள் இறக்குமதி செய்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

பல நாடுகள் பின்பற்றும் ஒத்திசைவு முறையில், அதாவது நாம் எச்.எஸ். கோடு என்று சொல்லும் முறையில், ரெசிஸ்டர்களுக்கான தலைப்பு 8533 ஆகும். உலகச் சுங்க அமைப்பு பராமரிக்கும் அந்த முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது, நம் நாட்டில் அதற்கு மேல் இரண்டு இலக்கங்கள் சேர்த்து எட்டாக எழுதுகிறோம். 8533-இன் வாசகம் குறுகியது. தடையை மாற்றிக்கொள்ளக்கூடிய ரியோஸ்டாட்டுகளும் பொட்டென்ஷியோமீட்டர்களும் உள்ளடங்கிய மின் ரெசிஸ்டர்கள், ஆனால் வெப்பமூட்டும் ரெசிஸ்டர்கள் நீங்கலாக என்பதே அதன் பொருள். கார்பன் கலவையாலோ கார்பன் படலத்தாலோ ஆன நிலையான ரெசிஸ்டர்கள் 8533.10-இல் வருகின்றன. மற்ற நிலையான ரெசிஸ்டர்களை 20 வாட் என்ற கோடு இரண்டாகப் பிரிக்கிறது: அதற்கு மிகாதவை 8533.21, மிகுந்தவை 8533.29. கம்பி சுற்றிய மாறும் ரெசிஸ்டர்களையும் அதே 20 வாட் 8533.31 என்றும் 8533.39 என்றும் பிரிக்கிறது. மாறும் ரெசிஸ்டர்களில் எஞ்சியவை 8533.40-இலும், பாகங்கள் 8533.90-இலும் அடங்குகின்றன. நம் எட்டிலக்க அட்டவணையில் தெர்மிஸ்டருக்கு 8533 40 30 என்று தனி வரியே இருக்கிறது.

இந்த வாசகத்தில் ஒருவர் நின்று படிக்க வேண்டிய இடம் அந்த 'நீங்கலாக' என்ற சொல்தான். வெப்பமூட்டும் ரெசிஸ்டர்கள் 8516.80-க்குப் போகின்றன, கார்பனால் ஆனவையாக இருந்தால் 8545-க்குப் போகின்றன. தீர்வையிலும் இந்தப் பிரிவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உருவான தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. அந்த உடன்பாட்டின் பட்டியலில் 8533 இருப்பதால், ரெசிஸ்டருக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வை கிடையாது. அடிப்படைத் தீர்வை இல்லையென்றால், அதன் மேல் பத்து விழுக்காடாகக் கணக்கிடப்படும் சமூக நலக் கூடுதல் தீர்வையும் இல்லை, ஐ.ஜி.எஸ்.டி. மட்டும் செலுத்துகிறோம். ஹீட்டர் அப்படி நுழைவதில்லை. அதற்கு அடிப்படைத் தீர்வை உண்டு. ஆதலால் அதிகாரியின் கண்ணுக்கு 8533 என்பது, ஹீட்டரை ரெசிஸ்டர் என்று சொல்லி உள்ளே கொண்டுவரக்கூடிய ஒரு வழியாகத் தெரிவதில் வியப்பில்லை. அவர் கேள்வி கேட்பது அவருடைய கடமை. அந்தக் கேள்வி எழும் முன்பே விடையை ஆவணத்தில் வைப்பது நம்முடைய கடமை.

குந்தா நீர்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் எங்கள் பட்டறைக்கு அவ்வப்போது வருவார். மேசை மேல் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருந்த இரண்டு பீங்கான் குழாய்களைக் காட்டி, இரண்டும் நைக்ரோம் (நிக்கல்-குரோமியக் கலவை) கம்பி சுற்றியவைதானே, இரண்டும் சுடும்தானே, எதை வைத்துப் பிரிப்பது என்று அவரிடம் கேட்டேன். "தம்பி, இதுவும் சுடும், அதுவும் சுடும். எதற்காகச் சுடுகிறது என்று கேளுங்கள்" என்றார். எச்.எஸ். முறைக்கு உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகளில் நான் படித்தவை அனைத்தும் சுற்றிவளைத்துச் சொல்வதும் இதுவே. ஒரு மின்சுற்றில் குறிப்பிட்ட அளவு தடையைக் கொடுப்பது ரெசிஸ்டரின் வேலை. அதில் பிறக்கும் வெப்பம் வெளியேற்றப்பட வேண்டிய இழப்பு. ஹீட்டருக்கோ வெப்பமே பயன். தடை என்பது அந்த வெப்பத்தை உண்டாக்கும் வழி மட்டுமே.

அதிலிருந்து எனக்கென ஒரு சோதனையை வகுத்துக்கொண்டேன். தயாரிப்பாளர் தம் பட்டியலில் ஒரு பொருளை எந்த அலகில் விற்கிறார் என்று பார்ப்பேன். இத்தனை ஓம், இத்தனை விழுக்காடு துல்லியம், வெப்பநிலை மாறும்போது தடை எவ்வளவு மாறும் என்று சொல்லி விற்றால் அது ரெசிஸ்டர். இத்தனை வோல்ட்டில் இத்தனை வாட், மேற்பரப்பு இத்தனை டிகிரி வரை சூடாகும் என்று மட்டும் சொல்லி, ஓம் மதிப்பைக் குறிப்பிடாமலே விற்றால் அது ஹீட்டர். இது சட்டத்தில் எழுதியுள்ள சோதனை அன்று. ஆனால் எந்தப் பொருளின் ஆவணங்களை முதலில் பலப்படுத்த வேண்டும் என்பதை இது உடனே காட்டிவிடுகிறது.

இந்தச் சோதனை தடுமாறும் இடமும் உண்டு. மின்தூக்கி அல்லது ஏற்றுப்பொறியின் வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரிலிருந்து திரும்பி வரும் மின்னாற்றலை எரித்துத் தள்ளுவதற்கென்றே பிரேக்கிங் ரெசிஸ்டர் வைக்கிறோம். அதன் வேலையே ஆற்றலை வெப்பமாக்குவதுதான், அப்படியானால் அதுவும் ஹீட்டர்தானே என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் அந்த வெப்பத்தால் எதையும் சூடேற்றவில்லை. காற்றில் கலந்து போகட்டும் என்றே பெட்டியில் துளைகள் இடுகிறார்கள். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் தாங்கக்கூடிய மின்னோட்டத்துக்கு ஏற்ப ஓம் மதிப்பைத் தேர்ந்தெடுக்கிறோம்; அந்த மதிப்பு குறைந்தால் டிரைவ் எரிந்துவிடும். ஆகவே அதன் இடம் 8533-தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நாம் இணைக்கும் பொருள் விவரத்தில் இந்த இரண்டு வரிகளைச் சேர்த்து எழுதினால் அதிகாரிக்கும் ஐயம் எழுவதில்லை.

நீலகிரியில் இந்தச் சிக்கல் கூர்மையாவதற்குக் காரணம் நம் மூடுபனி. கோத்தகிரிப் பக்கமும் மஞ்சூர்ப் பக்கமும் மழை மாதங்களில் பேனலின் கதவைத் திறந்தால் உட்சுவரில் நீர் முத்து முத்தாகப் படிந்திருக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டரின் முனைகளில் பச்சை பூக்கும். தேயிலைத் தூசி அந்த ஈரத்தில் ஒட்டி, காயும்போது மின்கசிவுக்கு வழி செய்யும். அதனால் ஒவ்வொரு பேனலின் அடியிலும் ஒரு சிறிய ஹீட்டர் வைத்து, மோட்டார் ஓடாத நேரத்திலும் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சற்று வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். பழைய எலக்ட்ரீஷியன்கள் பலர் இதற்குத் தனி ஹீட்டர் வாங்குவதில்லை. கம்பி சுற்றிய ஒரு பெரிய ரெசிஸ்டரை அதன் முழுத் திறனில் பாதிக்கும் குறைவாக ஓடவிட்டு ஹீட்டராகப் பயன்படுத்துவார்கள். பல ஆண்டுகள் உழைக்கும், நல்ல முறைதான்.

அப்படியானால் ஹீட்டராகப் பயன்படுத்தப் போகும் ரெசிஸ்டரை எந்த எண்ணில் அறிவிப்பது? ஒரு தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன் என்னிடம், "அண்ணா, நாம ஹீட்டரா போடப் போறோம்னா ஹீட்டர்னு எழுதறதுதானே நேர்மை?" என்று கேட்டார். அவருடைய கேள்வியின் நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் சரக்கு துறைமுகத்துக்கு வரும்போது எந்த நிலையில், எந்த இயல்புகளோடு இருக்கிறதோ அதை வைத்தே வகைப்படுத்த வேண்டும் என்பதுதான் பொதுவான நெறி. தலைப்பின் வாசகமே பயன்பாட்டைக் கேட்டால் ஒழிய, வாங்கியவர் பின்னர் அதை என்ன செய்கிறார் என்பது எண்ணை மாற்றாது. ஓம் மதிப்பும் துல்லியமும் சொல்லி, பொதுப் பயன்பாட்டு ரெசிஸ்டராகவே தயாரிக்கப்பட்ட ஒரு பொருள், நாம் அதைப் பேனலின் அடியில் வைத்தாலும் 8533-ஐ விட்டு நகராது. அதேபோல, பேனல் ஹீட்டர் என்று தயாரித்து, தாங்கு கால்களும் வெப்பக் காப்பும் பொருத்தி, வோல்ட்டும் வாட்டும் மட்டும் அச்சிட்டு வரும் பொருளை, உள்ளே இருப்பது ரெசிஸ்டர்தானே என்று சொல்லி 8533-இல் அறிவிப்பது தவறு. இரண்டாவது வகையை நாங்கள் எப்போதும் தனி வரியில், 8516-இன் கீழ், முழுத் தீர்வையோடு அறிவிக்கிறோம். இரண்டும் ஒரே இன்வாய்ஸில் தனித்தனி வரிகளாக இருப்பதே, ஒன்றை மற்றொன்றாக மறைக்க முயலவில்லை என்பதற்கு நல்ல சான்றாகிறது.

கம்பியாக வரும் நைக்ரோமுக்கும் இதே கவனம் வேண்டும். நீளமாகச் சுற்றிய உருளையில் வரும் வெறும் கம்பி, நிக்கல் கலவைக் கம்பிக்குரிய 7505-இல் வருகிறது. குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டி, சுருளாக்கி, பார்த்தவுடன் ஹீட்டர் காயில் என்று அடையாளம் தெரியும் வடிவுக்கு வந்த பிறகே அது 8516.80-க்கு மாறுகிறது.

தெர்மிஸ்டர் சரக்கு ஒன்றுக்கு வந்த கேள்வியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மோட்டாரின் சுற்றுக்குள் மூன்று மூன்றாகப் புதைத்து, சுற்று அளவுக்கு மீறிச் சூடானால் ரிலேயை இறக்கிவிடும் பி.டி.சி. தெர்மிஸ்டர்கள், அதாவது வெப்பநிலை ஏறும்போது தடை ஏறுபவை. தயாரிப்பாளரின் இன்வாய்ஸில் பி.டி.சி. எலிமென்ட் என்று மட்டும் எழுதியிருந்தது. இப்போது மதிப்பீடு முகமறியா முறையில் நடக்கிறது; 2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூரிலும் தொடங்கிய அந்த முறை அதே ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடெங்கும் பரவியது. சரக்கு சென்னையில் இறங்கினாலும் பத்திரத்தைப் பார்க்கும் அதிகாரி வேறு ஊரில் இருக்கலாம். அவரிடம் நேரில் போய்ப் பொருளைக் காட்ட முடியாது. திரையில் அவர் காண்பது நாம் எழுதிய சொற்களும் இணைத்த தாள்களும் மட்டுமே. பி.டி.சி. எலிமென்ட் என்ற சொற்களைப் பார்த்த அவர், அறைச் சூடேற்றிகளில் வரும் பி.டி.சி. பீங்கான் ஹீட்டரை எண்ணி, இது ஏன் 8516.80-இல் வராது என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் அதே பீங்கான் வகையால் செய்த வில்லை ஹீட்டராகவும் விற்கப்படுகிறது.

நாங்கள் அளித்த விடையில் வாதத்தைவிட அளவுகளே மிகுதியாக இருந்தன. இந்த வகைத் தெர்மிஸ்டர்களுக்கு டி.ஐ.என். 44081 என்ற ஜெர்மானியத் தரவிதி உண்டு. குறித்த வெப்பநிலைக்கு 5 டிகிரி கீழே தடை 550 ஓமுக்கு மிகக் கூடாது. 5 டிகிரி மேலே 1330 ஓமுக்குக் குறையக் கூடாது. 15 டிகிரி மேலே 4000 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அது விதிக்கிறது. வெப்பநிலையை உணர்ந்து தடையைத் தாவவிடுவதே இப்பொருளின் வேலை என்பது இந்த மூன்று எண்களிலேயே தெரிந்துவிடும். அதோடு, இதைச் சோதிக்கும்போது ஒவ்வொரு தெர்மிஸ்டருக்கும் சில வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று தயாரிப்பாளரின் தாள் எச்சரிக்கிறது. நேரடி மின்வழங்கலில் கோத்துச் சூடேற்றவே முடியாத ஒரு பொருள் எப்படி ஹீட்டராக முடியும்? தெர்மிஸ்டர்கள், வெப்பநிலை கூடும்போது தடை ஏறுபவை ஆயினும் இறங்குபவை ஆயினும், 8533-இல் அடங்கும் என்று அத்தலைப்பின் விளக்கக் குறிப்பு வெளிப்படையாகவே சொல்கிறது. தாளின் அந்தப் பக்கத்தில் உரிய வரிகளைக் கோடிட்டு இணைத்தோம். கேள்வி அத்துடன் தீர்ந்தது. அதன் பிறகு அந்தத் தயாரிப்பாளரிடம், மோட்டார் சுற்றுப் பாதுகாப்புக்கான பி.டி.சி. தெர்மிஸ்டர், உணரும் வெப்பநிலை இத்தனை டிகிரி, டி.ஐ.என். 44081 என்று முழுதாக எழுதித் தரச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டோம்.

அடுத்து, மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்ட்டர். பழைய தொழிற்சாலைகளில் இன்னும் ஸ்லிப்-ரிங் மோட்டார்கள் ஓடுகின்றன. சுமையோடு கிளப்ப வேண்டிய இடங்களில், ரோட்டருக்கு வெளியே ரெசிஸ்டர் கிரிட்டுகளை இணைத்து, வேகம் ஏற ஏற அவற்றைப் படிப்படியாக விலக்குவது நம்பகமான பழைய முறை. இந்தக் கிரிட்டுகள் மோட்டாருக்கென்றே அளவெடுத்துச் செய்யப்படுவதால், மோட்டார் பாகங்களுக்குரிய 8503-இல் அறிவித்துவிடலாம் என்று கிளியரிங் ஏஜென்ட்டுகள் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு எச்.எஸ். அட்டவணையில் இயந்திரங்களுக்கும் மின்கருவிகளுக்கும் உரிய பதினாறாம் பிரிவின் இரண்டாம் குறிப்பைப் படித்துக் காட்டுவேன். 84, 85 ஆகிய அத்தியாயங்களில் ஒரு பொருளுக்கென்று தனித் தலைப்பு இருந்தால், ஒருசில விலக்குகள் தவிர, அது எந்த இயந்திரத்தின் பாகமாக இருந்தாலும் தன் தலைப்பிலேயே வகைப்படுத்தப்பட வேண்டும் என்று அக்குறிப்பின் முதல் உட்பிரிவு விதிக்கிறது. ரெசிஸ்டருக்குத் தனித் தலைப்பு இருக்கிறது; எனவே எந்த மோட்டாரோடு சேர்ந்தாலும் அது ரெசிஸ்டரே.

இதற்கு மாறாகத் தோன்றும் ஒரு தீர்ப்பையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஏஜென்ட்டுகள் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம், ரயில்வே சிக்னல்களுக்கென்று செய்யப்பட்ட ரிலேக்களை மின்ரிலேக்களுக்குரிய 8536-இல் அல்லாமல் ரயில்வே சிக்னல் கருவிகளுக்குரிய 8608-இல் வைத்தது. ஆனால் அந்த வழக்கு ரயில், வாகனங்கள் முதலியவற்றுக்குரிய பதினேழாம் பிரிவின் குறிப்புகளை வைத்து நடந்தது. அதைக் கண்டபடி எல்லாப் பாகங்களுக்கும் பொருத்திவிடக் கூடாது என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2022 ஜனவரியில் தன் அதிகாரிகளுக்கு அறிவுறுத்தியது. தேயிலைத் தொழிற்சாலை மோட்டாருக்கு அந்தத் தீர்ப்பை இழுத்து வருவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஸ்டார்ட்டர் முழுதாக வரும்போதுதான் உண்மையில் யோசிக்க வேண்டியிருக்கிறது. ரெசிஸ்டர் படிகளும் அவற்றை மாற்றும் சுவிட்சும் மட்டும் கொண்ட ரியோஸ்டாட் வகை மோட்டார் ஸ்டார்ட்டர் 8533-இலேயே இருக்கும் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. சோடா உப்புக் கரைசலில் மின்முனைகள் ஏறி இறங்கும் திரவ ஸ்டார்ட்டரும் ரியோஸ்டாட்தான். அதில் கம்பிச் சுற்று இல்லாததால் 8533.31, 39 இரண்டையும் தாண்டி 8533.40-க்குப் போகிறது. ஆனால் கான்டாக்டர்கள், ஓவர்லோடு ரிலே, டைமர் ஆகியவற்றைப் பேனலில் ஏற்றி, ரெசிஸ்டர் பெட்டியையும் சேர்த்து, ஒரே கட்டுப்பாட்டுப் பலகையாக வந்தால் அது 8537-ஐ நோக்கி நகர்ந்துவிடுகிறது. 8535, 8536 தலைப்புகளைச் சேர்ந்த கருவிகள் இரண்டோ அதற்கு மேலோ பொருத்திய பலகைக்கு உரிய இடம் அதுவே. எனவே ஆர்டர் கொடுக்கும்போதே எதை எதோடு சேர்த்து அனுப்பச் சொல்கிறோம் என்பதை யோசிக்கிறேன். கிரிட் பெட்டி மட்டும் தேவையென்றால் கிரிட் பெட்டி மட்டுமே வரட்டும். பேனலை இங்கே நாங்களே செய்துகொள்கிறோம்.

20 வாட் கோட்டைப் பற்றி, இந்த மலைக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. உதகை ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். காற்றால் குளிரும் எந்த ரெசிஸ்டரும் அங்கே தன் முழுத் திறனைத் தாங்காது. பெரிய ரெசிஸ்டர்களுக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாக 1000 மீட்டர் வரைக்கே முழுத் திறன் சொல்லி, அதற்கு மேல் குறைத்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். அதனால் 15 வாட் போதும் என்ற இடத்திலும் எங்கள் பொறியாளர்கள் 25 வாட் ரெசிஸ்டரைப் போடுவார்கள். வரைபடத்தில் 15 என்று இருக்கும், பெட்டியில் 25 என்று இருக்கும். வகைப்பாட்டுக்கு எது? தயாரிப்பாளர் அந்தப் பொருளுக்கு அறிவித்த திறனே என்பது என் உறுதியான கருத்து. ஒரு பொருளின் தீர்வை எண் அது மலை ஏறினால் ஒன்றாகவும் சமவெளியில் இருந்தால் வேறொன்றாகவும் இருக்க முடியாது. 25 வாட் ரெசிஸ்டர் 8533.29-தான்.

அலுமினிய உறை இட்ட வகையில் இந்தக் கேள்வி இன்னும் நுணுக்கமாகிறது. தகுந்த உலோகத் தட்டின் மேல் இறுக்கி வைத்தால் 25 வாட் தாங்கும் என்றும், தட்டில்லாமல் தொங்கவிட்டால் அதில் பாதிகூடத் தாங்காது என்றும் ஒரே தாளிலேயே இரண்டு எண்கள் இருக்கும். தட்டில் பொருத்துவதற்கென்றே வடிவமைத்த பொருள் என்பதால் பெயரளவுத் திறனாக அச்சிட்ட 25-ஐயே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு எண்களும் தெரியும்படி தாளையும் இணைத்துவிடுகிறேன். எந்தப் பக்கம் சென்றாலும் தீர்வை ஒன்றே என்பதால் இதில் ஐயப்பட்டுக் கேட்டவர் எவரும் இல்லை. ஆயினும் ஒரு கொள்கையை வகுத்து எல்லாச் சரக்குக்கும் அதையே பின்பற்றுவது, பின்னாளில் தணிக்கைக்கு வருபவருக்கு விளக்கம் சொல்ல உதவும்.

சிறு மின்னணுப் பலகைகளில் போடும் சில்லு ரெசிஸ்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு விற்பனையாளர்கள் பலர், ரெசிஸ்டர் என்றாலே 8533.10 என்று அச்சிட்டு அனுப்புகிறார்கள். அந்த எண் கார்பனுக்கு மட்டுமே. பெரும்பாலான சில்லு ரெசிஸ்டர்கள் உலோக ஆக்சைடுப் படலத்தால் ஆனவை, உலோகப் படல ரெசிஸ்டர்களும் கார்பன் அல்ல, அவை 8533.21-க்கு உரியவை. விற்பனையாளர் இன்வாய்ஸில் எழுதிய எண் நமக்குக் குறிப்பே ஒழியக் கட்டளை அன்று, ஏனென்றால் அறிவிப்பில் கையெழுத்திடுபவர்கள் நாம்.

பெயரில் ரெசிஸ்டர் என்று இருந்தும் 8533-இல் சேராதவை சில உள்ளன. ஒளிக்கேற்பத் தடை மாறும் எல்.டி.ஆர். 8541-க்குப் போகிறது. டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர் என்பது உண்மையில் ஒருங்கிணைந்த சுற்று. அதற்கு 8542, மேலும் 8541-க்கும் 8542-க்கும் முன்னுரிமை உண்டு என்று 85-ஆம் அத்தியாயத்தின் 12-ஆம் குறிப்பு சொல்கிறது. வேரிஸ்டர் வில்லை தனியாக வந்தால் 8533.40, அதையே உறையில் அடைத்து, முனைகள் பொருத்தி, மின்வீச்சுக் காப்பானாக அனுப்பினால் 1000 வோல்ட் வரைக்கு 8536.30, அதற்கு மேல் 8535.40. கோடை மழையின்போது எங்கள் பக்கம் இடி விழுந்து பேனல்கள் எரிவது வழக்கம் என்பதால் இவை இரண்டையுமே வாங்குகிறோம். இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வேன். தராசுகளில் வரும், இழுவிசைக்கேற்பத் தடை மாறும் ஸ்ட்ரெயின் கேஜ் தனித்து வந்தால் 8533-இல் நிற்கும். உலோக உடலில் ஒட்டி, எடையை உணரும் லோட் செல் ஆகிவிட்டால் அதை ரெசிஸ்டர் என்று சொல்ல இயலாது.

தீர்வை இல்லாத பொருளுக்கு இத்தனை கவலை எதற்கு என்று எங்கள் உரிமையாளரே ஒருமுறை கேட்டார். சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி தீர்வையை முதலில் மதிப்பிடுபவர் இறக்குமதியாளரே. அந்த மதிப்பீட்டில் தீர்வை குறைந்திருந்தால் 28-ஆம் பிரிவின் கீழ் இரண்டு ஆண்டு வரை கேட்கலாம். உண்மையை மறைத்ததாகக் கருதினால் ஐந்து ஆண்டு வரை, வட்டியும் தண்டமும் சேர்த்துக் கேட்கலாம். ரெசிஸ்டர் என்று வந்த பொருளை நான்காண்டு கழித்து ஹீட்டர் என்று சொன்னால், அன்று அது என்னவாக இருந்தது என்பதை நிறுவ நம்மிடம் இருக்கப்போவது கோப்பில் உள்ள தாள்கள்தான்; பொருள் எங்கோ ஒரு பேனலில் எரிந்தே போயிருக்கும். ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் தயாரிப்பாளரின் தாள், முனைகளும் அச்செழுத்தும் தெரியும் புகைப்படம், எந்தக் குறிப்பை வைத்து எந்த எண்ணைத் தேர்ந்தோம் என்ற அரைப்பக்கக் குறிப்பு ஆகியவற்றைச் சேர்த்து, குறைந்தது ஐந்து ஆண்டு வைத்திருக்கிறோம்.

அதிகாரி நம் எண்ணை ஏற்காமல் மாற்றும்போது, சரக்கு சீக்கிரம் வெளியே வரட்டும் என்று ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தொழிற்சாலை நின்றிருக்கும்போது அந்த அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒப்புதல் கொடுக்காவிட்டால்தான், மறுமதிப்பீடு செய்த 15 நாளுக்குள் காரணங்களோடு கூடிய ஆணையை அதிகாரி பிறப்பிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டுத் தீர்வையைச் செலுத்திச் சரக்கை எடுத்துக்கொண்டு, அந்த ஆணையைக் கேட்டு வாங்கி, 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆணை இல்லாமல், பின்னாளில் பணத்தைத் திருப்பிக் கேட்டால் மட்டும் போதாது. 2019 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், சுயமதிப்பீடும் ஒரு மதிப்பீட்டு ஆணையே, அதை மேல்முறையீட்டிலோ உரிய வேறு வழியிலோ மாற்றாமல் தீர்வையைத் திரும்பப் பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. தேவையில்லாத தீர்வையை நாமாகவே செலுத்திவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரே பொருளை ஆண்டுதோறும் வரவழைக்கப் போகிறோம், அது ரெசிஸ்டரா ஹீட்டரா என்பதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்றால், முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கும் வழி உண்டு. சுங்க முன்தீர்ப்பு ஆணையங்கள் டெல்லியிலும் மும்பையிலும் இயங்குகின்றன. அங்கே பெறும் தீர்ப்பு, சட்டமோ விவரங்களோ மாறாத வரை மூன்று ஆண்டு செல்லும். சிறு பட்டறைக்கு இது பெரிய வேலையாகத் தோன்றலாம். பேனல் ஹீட்டர்களும் ரெசிஸ்டர்களும் கலந்து பெருமளவில் வாங்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு விண்ணப்பத்துக்கு ஆகும் செலவைப் பகிர்ந்துகொண்டு, ஒரு தொழிற்சாலையின் பெயரில் கேட்டு வாங்கினால், அந்தத் தீர்ப்பு விண்ணப்பித்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்றாலும், மற்றவர்கள் தங்கள் விளக்கத்தில் அதைச் சுட்டிக்காட்ட முடியும்.

இப்போது எங்கள் பட்டறையில், விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே இன்வாய்ஸில் பொருள் விவரம் எப்படி எழுதப்பட வேண்டும் என்பதையும் சேர்த்து அனுப்புகிறோம். ரெசிஸ்டர் என்றால் என்ன பொருளால் ஆனது, நிலையானதா மாறுவதா, ஓம் மதிப்பு, துல்லியம், பெயரளவு வாட், கம்பி சுற்றியதானால் கம்பி உறையற்றதா உறையிட்டதா, நைக்ரோமா என்பவை வர வேண்டும்; கடைசி மூன்றும் நம் எட்டிலக்க அட்டவணையில் கேட்கப்படுகின்றன. ஹீட்டர் என்றால் ஹீட்டர் என்றே எழுதி வர வேண்டும். அச்சிட்ட இன்வாய்ஸ் வந்து சேரும் வரை காத்திராமல் அதன் வரைவை மின்னஞ்சலில் வாங்கிப் பார்த்துவிட்டே சரக்கை ஏற்றச் சொல்கிறேன், ஏனென்றால் பத்திரங்களைச் சுங்கத்தில் தாக்கல் செய்த பிறகு ஒரு சொல்லைத் திருத்துவதற்குச் சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். சரக்கு கிளம்பும் முன் ஒரு மின்னஞ்சலே போதும்.